வாழ்நாள் சான்றிதழுக்கு முகமே போதும்

மத்திய அரசு ஓய்வூதியர்கள் தாங்கள் உயிருடன் இருப்பதற்குச் சான்றாக ஆண்டுதோறும் நவம்பரில் வாழ்நாள் சான்றிதழ் தர வேண்டும். 80 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் அக்டோபர் 1 முதலே தரலாம். இதற்கு விரல் ரேகை வைக்கச் சொல்வார்கள். வயதானால் ரேகை தேய்ந்து, இயந்திரம் ஏற்காமல் போகலாம். இதற்காக முதியவர்களைத் திரும்பத் திரும்ப வங்கிக்கு அலையவிடுவது எனக்குத் தாங்கவே முடியாத விஷயம்.

2021 முதல் முகத்தைக் காட்டியே சான்றிதழ் பெறலாம். ஆண்ட்ராய்டு போனில் ‘ஆதார் ஃபேஸ் ஆர்டி’, ‘ஜீவன் பிரமாண்’ என்ற இரண்டு செயலிகளை ஏற்றிக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகளின் போனிலும் செய்யலாம். ஆதார் எண், பிபிஓ எண் (ஓய்வூதிய ஆணையில் உள்ள எண்), ஓய்வூதியம் வரும் வங்கிக் கணக்கு எண் மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்காருங்கள், ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டாம். கேமரா கேட்கும்போது கண்ணைச் சிமிட்டினால் சரி.

போனே வேண்டாம் என்பவர்கள் தபால்காரரிடம் சொல்லலாம். சிறு கட்டணத்துக்கு வீட்டுக்கே வந்து முடித்துத் தருவார்.

அப்புறம் ஒன்று. குறுஞ்செய்தியில் பிரமாண் எண் (சான்றிதழின் எண்) வந்ததும் வேலை முடிந்ததாக இருந்துவிடாதீர்கள். பிபிஓ எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் வங்கி நிராகரிக்கலாம். சில நாள் கழித்து ஜீவன் பிரமாண் இணையதளத்தில் அது ஏற்கப்பட்டதா என்று பாருங்கள். சான்றிதழைப் புதுப்பிக்கிறேன் என்று போனில் ஓடிபி கேட்பவரிடம் எதையும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.