வயர்லெஸ் மேஜை மைக் போடும் தம்பிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் பக்கத்திலிருந்து நிறையப் பேர் பெங்களூருக்கு ஏவி (ஆடியோ-வீடியோ) வேலைக்கு வருகிறார்கள். ஒயிட்ஃபீல்டு, அவுட்டர் ரிங் ரோடு, எலெக்ட்ரானிக் சிட்டி என்று சைட்டுக்குக் குறைவே இல்லை. கெட்டிக்காரப் பிள்ளைகள். கேபிள் இழுப்பதும் ரேக் கட்டுவதும் சீக்கிரமே கைவந்துவிடுகிறது. ஆனால் மீட்டிங் அறையில் வயர்லெஸ் மேஜை மைக் வைப்பது என்று வந்தால், எங்கள் தலைமுறை சறுக்கிய அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள்.

மியூட்டை எடுக்காமல் பேசுவது, சார்ஜ் போட மறப்பது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வருவது, அறைக்குள் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியவே தெரியாத தவறுகளை. தெரியாததால்தான் அவை மாதக்கணக்கில் அப்படியே கிடக்கின்றன.

எக்கோ வந்தால் மைக்கை மாற்றுவது

ஒயிட்ஃபீல்டில் ஒரு நிறுவனத்தின் பெரிய மீட்டிங் அறை. சென்னை அலுவலகத்தோடு பேசும்போதெல்லாம் சென்னைக்காரர்களுக்குத் தங்கள் குரலே திரும்பிக் கேட்டது. முதலில் நெட் லைனைக் குறை சொன்னார்கள், மாற்றினார்கள். பிறகு மைக் சரியில்லை என்று முழு செட்டையும் மாற்றினார்கள். ஒரு வயர்லெஸ் மைக் செட் என்ன விலை என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். எக்கோ போகவில்லை. அங்கே இருந்த தம்பி என்னைக் கூப்பிட்டு, “அண்ணா, இங்க எல்லாம் கிளியரா கேக்குது. அவங்க பக்கம்தான் ஏதோ பிரச்சினை” என்றான்.

போய்ப் பார்த்தேன். லேப்டாப்பில் மைக் என்ற இடத்தில் யுஎஸ்பி வழியாக டிஎஸ்பியை, அதாவது மைக் ஒலியைச் சீராக்கும் பெட்டியை, தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஸ்பீக்கர் என்ற இடத்தில் எச்டிஎம்ஐ வழியாக டிவி. அவ்வளவுதான் கோளாறு. இரண்டையும் டிஎஸ்பிக்கு மாற்றியதும் எக்கோ நின்றது. பழைய மைக் செட்டில் ஒரு குறையும் இல்லை.

ஏன் இப்படி ஆகிறது என்று பொறுமையாகப் புரிந்துகொள்ளுங்கள். சென்னையிலிருந்து வரும் குரல் நம் அறை ஸ்பீக்கரில் ஒலிக்கிறது. மேஜை மைக் அதையும் பிடிக்கத்தான் செய்யும். அதைக் கழித்துவிட்டு நம் ஆட்களின் குரலை மட்டும் அனுப்புவது டிஎஸ்பிக்குள் இருக்கும் எக்கோ கேன்சலரின் வேலை. எதைக் கழிப்பது என்று அதற்குத் தெரிய வேண்டாமா? அதற்காகத்தான் ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியின் பிரதி ஒன்றை அதற்குக் கொடுக்கிறோம். ரெஃபரன்ஸ் என்பது இதுதான். சென்னைக் குரல் டிஎஸ்பியைத் தொடாமல் லேப்டாப்பிலிருந்து நேராக டிவிக்குப் போய்விட்டால் ரெஃபரன்ஸ் காலி. கடன் எவ்வளவு என்று எழுதி வைக்காமல் கணக்குத் தீர்க்கச் சொல்வதுபோல் ஆகிவிடும்.

இதே தவறு வேறு வேடங்களிலும் வரும். பெரிய அறையில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று மேஜை மைக்கின் ஒலியையே சீலிங் ஸ்பீக்கரில் விடுவார்கள். அப்போது ஸ்பீக்கருக்குப் போகும் மொத்தக் கலவையையும் ரெஃபரன்ஸாகக் கொடுத்துவிடுகிறார்கள். நம் ஆட்களின் குரலும் அதில் இருக்கிறதே! கேன்சலர் அதையும் கழிக்கப் பார்க்கும். மறுமுனையில் குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல், துண்டு துண்டாகக் கேட்கும். ரெஃபரன்ஸில் மறுமுனையின் ஒலி மட்டும்தான் இருக்க வேண்டும். லேப்டாப்பில் ஓடும் வீடியோவின் ஒலியும் அதே யுஎஸ்பி வழியாக வந்தால் அது இருக்கலாம். மேஜை மைக் ஒருபோதும் கூடாது.

அடுத்தது டிவி ரிமோட். சில அறைகளில் டிஎஸ்பியின் அவுட்புட்டே டிவி ஸ்பீக்கருக்குத்தான் போகும். பேச்சு நடுவில் ஒருவர் ரிமோட்டை எடுத்து வால்யூமை ஏற்றுவார். ரெஃபரன்ஸ் அதே அளவில் இருக்க, அறையில் சத்தம் மட்டும் கூடியிருக்கும். கேன்சலர் மறுபடி கற்றுக்கொள்ளும்வரை மறுமுனையில் எக்கோ. டிவி வால்யூமை ஓர் அளவில் நிறுத்தி, ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் டிஎஸ்பியில், ரெஃபரன்ஸ் எடுக்கும் இடத்துக்கு முன்னாலேயே வைத்துவிடுங்கள். டிவியில் சினிமா, ஸ்போர்ட்ஸ் என்று இருக்கும் சவுண்டு மோடுகளையும் அணைத்துவிடுங்கள்.

எனக்கு இதில் எரிச்சல் வருவது தவறு நடப்பதால் இல்லை. மறுமுனையில் போய் ஒருமுறைகூடக் கேட்காமல் அறையை ஒப்படைக்கிறார்கள், அதனால்தான். தன் குரலே துரத்திக்கொண்டு வந்தால் மனிதன் எப்படிப் பேசுவான்? கருத்து சொல்ல வேண்டியவர் “ஓகே சார், மெயில் பண்றேன்” என்று முடித்துக்கொள்கிறார். பெங்களூர் அறையில் இருப்பவர்களோ எல்லாம் நன்றாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதனால் ஒப்படைக்கும் முன் இதைச் செய்யுங்கள். ஒருவர் வேறு மாடியில் போய் உட்கார்ந்து ஹெட்போன் போட்டுக்கொண்டு கால்-இல் சேரட்டும். அவர் மட்டும் பேசி, தன் குரல் திரும்பி வருகிறதா என்று கவனிக்கட்டும். அடுத்து இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசுங்கள், யார் குரலாவது வெட்டுப்படுகிறதா பாருங்கள். கடைசியாக, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இங்கே மைக்கைத் தூக்கி மேஜையின் மறுகோடியில் வையுங்கள். வயர் மைக் நகராது, வயர்லெஸ் நகரும். நகர்ந்ததும் ஒரு கணம் எக்கோ வந்து அடங்கினால் பரவாயில்லை. அடங்காவிட்டால் செட்டிங்கில் வேலை இருக்கிறது.

மியூட்டை மைக்கிலேயே செய்வது

மைக்கின் பட்டன் ஒலியை அங்கேயே வெட்டிவிட்டால், கேன்சலருக்கு அந்த நேரம் எதுவும் கேட்காது. இடையில் யாராவது மைக்கை நகர்த்தியிருந்தால், மியூட்டை எடுத்ததும் அது புதிதாகக் கற்க வேண்டும். ஒலி டிஎஸ்பி வரை வந்து, கேன்சலரைத் தாண்டிய பிறகு மியூட் ஆகும்படி அமைப்பது நல்லது. பட்டன் கட்டளை மட்டும் அனுப்பும், விளக்கு நிறம் மாறும். ஆனால் இப்படி அமைத்தால் அதை வாடிக்கையாளரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். மியூட்டில் இருக்கும்போதும் ஒலி ரேக் வரை போகிறது, அறையைத் தாண்டிப் போவதில்லை என்று. ரகசியப் பேச்சு நடக்கும் அறையென்றால் முடிவை அவர்களே எடுக்கட்டும்.

எட்டு மைக்கையும் திறந்து வைப்பது

மைக் கூடினால் தெளிவு கூடும் என்று நினைக்கிறார்கள். திறந்திருக்கும் மைக் எண்ணிக்கை இரட்டிப்பாகும்போதெல்லாம் அறைச் சத்தம் 3 டெசிபல் ஏறும். ஒன்றுக்குப் பதில் எட்டு என்றால் 9 டெசிபல். ஏசி இரைச்சலும் கண்ணாடிச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் எட்டு வழியாக உள்ளே வரும். ஆட்டோமிக்சரைப் போடுங்கள். பேசுபவருக்குப் பக்கத்து மைக் மட்டும் திறக்கட்டும்.

லேப்டாப் மூடிக்குப் பின்னால் மைக்

அறை காலியாக இருக்கும்போது மைக்கை மேஜை நடுவில் வைத்து டெஸ்ட் செய்துவிட்டுப் போவார்கள். மீட்டிங் தொடங்கியதும் ஆளுக்கொரு லேப்டாப் திறந்து, பேசுபவர் வாய்க்கும் மைக்குக்கும் நடுவில் திரை ஒரு சுவராக நிற்கும். பக்கத்திலேயே கீபோர்டு சத்தம், லேப்டாப் ஃபேன், மேஜையில் அதிரும் போன். லேப்டாப்புகளைத் திறந்து வைத்துத்தான் டெஸ்ட் செய்ய வேண்டும். பேசுபவரிடமிருந்து இரண்டு, மூன்று அடிக்குள் மைக் இருக்கட்டும். தூரம் இரட்டிப்பானால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் இறங்கும், அறை எதிரொலி இறங்காது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கேன்

டெக் பார்க்கில் வேலை செய்ய அனுமதி கிடைப்பதே பெரும்பாலும் வார இறுதியில்தான். அன்றைக்கு எந்த அலைவரிசை காலியாக இருக்கிறது என்று ஸ்கேன் செய்தால் காற்று சுத்தமாகத்தான் இருக்கும். திங்கள்கிழமை காலை மேல்மாடி, கீழ்மாடி, எதிர் அலுவலகம் எல்லாம் உயிர்பெற்றதும் மைக் விட்டுவிட்டுக் கேட்கும். மைக் 2.4 கிகாஹெர்ட்ஸ் வகையென்றால், அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத வைஃபை சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். புளூடூத்தும் அதே இடத்தில்தான் ஓடுகிறது. வேலை நாளில் ஒருமுறை போய் ஸ்கேன் செய்யுங்கள். ஐடி ஆட்களிடம் முன்கூட்டியே பேசி, எந்த சேனல் யாருக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள். டெக்ட் (கார்ட்லெஸ் போன்களுக்கான ரேடியோ முறை) வகை மைக்கென்றால் பக்கத்து அறை மைக்குகளும் கார்ட்லெஸ் போன்களும் ஒரே கணக்கில்தான் இடம் பிடிக்கும். ஓர் அறைக்கு மட்டும் பார்த்தால் போதாது, மாடி முழுவதற்கும் கணக்குப் போட வேண்டும்.

ரிசீவரை இரும்பு ரேக்குக்குள்ளோ டிவிக்குப் பின்னாலோ ஒளித்து வைக்காதீர்கள். மைக்குகளைப் பார்க்கும்படி சுவரிலோ சீலிங்கிலோ வையுங்கள். அறை நிறைய ஆட்கள் உட்கார்ந்தால் அவர்களின் உடம்பும் சிக்னலை உறிஞ்சும்.

வெளிநாட்டு செட்

வாங்காதீர்கள். டெக்ட் அமெரிக்காவில் 1920–1930 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 1880–1900. பெட்டி ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே வேறு. இந்தியாவில் டபிள்யூபிசி (வயர்லெஸ் கருவிகளுக்கு அனுமதி தரும் மத்திய அரசுப் பிரிவு) ஒப்புதல் பெற்ற மாடல்தானா என்று பார்த்து வாங்குங்கள்.

சார்ஜர் டாக்கின் சுவிட்ச்

மைக்கை சார்ஜில் வைக்கும் டாக்கின் சுவிட்சை இரவில் ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் அணைத்துவிடுவார்கள், மைக் சார்ஜ் ஏறாமல் கிடக்கும். சுவிட்ச் இல்லாத பாயின்ட் கேளுங்கள், கிடைக்காவிட்டால் டேப் ஒட்டுங்கள்.

பக்கத்து அறைக்கு மைக் கடன் கொடுப்பது

இது சின்ன விஷயமில்லை. ஓர் அறையின் மைக்கை எடுத்துப்போய்ப் பக்கத்து அறையில் வைத்தாலும் அது தன் பழைய ரிசீவரோடுதான் பேசிக்கொண்டிருக்கும். கண்ணாடித் தடுப்பும் ஜிப்சம் போர்டும் ரேடியோ அலையைத் தடுக்காது. ஓர் அலுவலகத்தில் இப்படித்தான், எச்ஆர் அறையில் ஓர் ஊழியரின் வேலை பற்றி நடந்த பேச்சு, அடுத்த அறையில் ஓடிக்கொண்டிருந்த கால்-இல் ஒலித்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் அவருடைய டீம் ஆட்களும் இருந்தார்கள். மைக்கில் என்க்ரிப்ஷன் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. உரிமையுள்ள ரிசீவருக்கே போனதால் அது எதையும் தடுக்கவில்லை.

ஒவ்வொரு மைக்கின் அடியிலும் அறை எண்ணை ஒட்டுங்கள். டாக்கிலிருந்து எடுக்கும் மைக் மியூட்டில்தான் தொடங்க வேண்டும் என்று செட் செய்யுங்கள். வேறு அறைக்குக் கட்டாயம் வேண்டுமென்றால், அந்த அறையின் ரிசீவரோடு இணைத்து, பழைய அறையில் அதன் சத்தம் வரவில்லை என்று காதால் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.