பழைய செதுக்கு பாணியில் தபால்தலை வரைய: 0.6 பேனா போதும்

பழங்காலச் செதுக்குப் பாணியில், அதாவது உலோகத் தகட்டில் கோடு வெட்டி அச்சடித்ததுபோல, நினைவுத் தபால்தலை வரைபவர்கள் அச்சாகும் அளவைவிட ஆறு மடங்கு பெரிதாக, 0.6 மி.மீ.க்குக் குறையாத பேனாவால், ஒரே மையில் வரையுங்கள். 4×3 செ.மீ. தபால்தலைக்கு 24×18 செ.மீ. கட்டம், ஏ4 தாளில் தாராளமாக அடங்கும். கோடுகளுக்கு நடுவே விடும் இடைவெளியும் 0.6-க்குக் குறைய வேண்டாம்.

அச்சிட ஆறில் ஒன்றாகச் சுருக்கும்போது அந்தக் கோடு 0.1 மி.மீ. ஆகிறது. 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) லேசர் பிரிண்டரில் அது இரண்டு புள்ளிக்குச் சற்று அதிகம், அதனால் தெளிவாக விழும். அதைவிட மெல்லிய கோடுகள் விட்டுவிட்டு விழும், குறுகிய இடைவெளிகள் ஒட்டிக் கறையாகிவிடும், முழுப் படத்தையும் திரும்ப வரைய நேரும்.

பென்சில் தேய்த்து நிழல் போடாதீர்கள். 1840-இல் வந்த உலகின் முதல் தபால்தலையான பென்னி பிளாக்கை லென்ஸ் வைத்துப் பாருங்கள்: சாம்பல் நிறம் என்று தனியாக ஒன்று கிடையாது, எல்லாம் கறுப்புக் கோடுகள்தான். தகட்டில் வெட்டிய பள்ளத்தில் மை நிற்கும், மற்ற இடத்தில் துடைத்துவிடுவார்கள். ஆகவே கோட்டின் தடிமனும் நெருக்கமும்தான் நிழல். முகத்தில் வெளிச்சம் விழும் கன்னப் பக்கம் வரும்போது தடித்த கோட்டை 0.6 வரை மெலிதாக்கி, கடைசியில் புள்ளிகளாக உடைத்துவிடுங்கள். பழைய தபால்தலைகளின் களை வருவது அங்கேதான்.

தட்டையான வண்ணங்கள் கொண்ட 1930-களின் போஸ்டர் பாணிக்கும், புகைப்படத்தை அப்படியே வைக்கும் தபால்தலைகளுக்கும் இது பொருந்தாது. அச்சகத்தில் ஆஃப்செட்டில் (தகட்டிலிருந்து ரப்பர் உருளை வழியாகத் தாளுக்கு மை மாற்றும் முறை) அடிப்பதாக இருந்தால் இன்னும் மெல்லிய கோடும் தாங்கும்.