கதவில் ஒரு குறும்புக்கார வளையம்: காய்ந்த பூ, கொடி, குச்சி போதும்

கதவில் மாட்டும் பூ வளையம் என்றால் பெரும்பாலும் ஒரு கச்சிதமான வட்டம்தான். சுற்றிலும் ஒரே அளவில் பூ, ஒரே இடைவெளி, கீழே ஒரு ரிப்பன். அழகுதான், ஆனால் ஒருமுறை பார்த்தபின் கண் அந்தப் பக்கம் போகாது. இங்கே சொல்லப்போவது வேறு மாதிரி: ஒரு பக்கம் பூ அடர்ந்து, மறுபக்கம் வெறுங்கொடியாக, எங்கேயோ ஒரு நத்தைக்கூடு ஒளிந்திருக்கும் வளையம். மணியை அடித்துவிட்டு வெளியே நிற்பவர் கதவு திறப்பதற்குள் அதில் எதையாவது கண்டுபிடிக்க வேண்டும். பார்க்கக் கலைந்த மாதிரி இருக்கலாம், கட்டு மட்டும் தளரக் கூடாது. தினமும் திறந்து மூடுகிற கதவு, அறைந்து சாத்தும்போதெல்லாம் குலுங்கும், சும்மா செருகிவைத்த பூவெல்லாம் ஒரு வாரத்தில் வாசலில்தான் கிடக்கும்.

முதலில் கொடி. திராட்சைக் கொடி இதற்கென்றே வளர்ந்தது போல வளையும், ஆனால் அதுதான் வேண்டும் என்றில்லை. பென்சிலை விடத் தடிக்காத, வளைத்தால் ஒடியாத எந்தக் கொடியும் சரி. பால் வடிவது, தொட்டால் அரிப்பது மட்டும் வேண்டாம். பச்சையாக வெட்டியது என்றால் இலையை உருவிவிட்டு அப்போதே சுற்றிவிடுங்கள். காய்ந்துபோனது என்றால் வெதுவெதுப்பான நீரில் சில மணி நேரம் முழுக்க அமிழ்த்திவைத்தால் மறுபடி வளையும். முதல் சுற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, மிச்சக் கொடியை அதன் மேல் உள்ளே வெளியே என்று முறுக்கிக்கொண்டே போனால் நாலைந்து சுற்றில் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும், கம்பியே தேவைப்படாது. நுனிகளை இடுக்கில் செருகிவிடலாம், ஒன்றிரண்டை வேண்டுமென்றே வெளியே சுருண்டு நிற்கவும் விடலாம், எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். விட்டம் 30 செ.மீ. போதும். சின்னதாகத்தான் தெரியும், ஆனால் பூவும் கதிரும் கட்டியபின் 45 வரை போய்விடும், அதற்கு மேல் என்றால் கதவையே விழுங்கிவிடும். பச்சைக் கொடி காயும்போது சுருங்கும் என்பதால் ஒரு வாரமாவது தொங்கவிட்டு வையுங்கள். இல்லாவிட்டால் இன்று இறுக்கிக் கட்டிய கம்பி அடுத்த மாதம் தொளதொளவென்று ஆடும்.

அந்த வாரத்தில் பூவும் காய்ந்துகொண்டிருக்கட்டும். எல்லாப் பூவும் இதற்கு ஒத்துவராது. நீர் நிறைந்த, சதைப்பற்றான இதழ்கள் கறுத்துச் சுருங்கிவிடும். சிவப்பு ரோஜா காயும், ஆனால் நிறம் கிட்டத்தட்டக் கறுப்பாகிவிடும், அது வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். வாடாமல்லி, கோழிக்கொண்டை, காகிதப்பூ, ஸ்டாடிஸ், லாவெண்டர் எல்லாம் நம்பிக்கையான ஆட்கள். பனி உலர்ந்த பிறகு பறித்து, கீழ் இலைகளை உருவி, எட்டுப் பத்துத் தண்டாகச் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டுத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். நூல் கட்டினால் தண்டு சுருங்கும்போது ஒவ்வொன்றாக நழுவி விழும், ரப்பர் பேண்ட் கூடவே இறுகும். இடம் இருட்டாக, காற்றோட்டமாக இருக்க வேண்டும், வெயில் பட்டால் நிறம் அங்கேயே வெளுத்துவிடும். சாதாரணமாக இரண்டு மூன்று வாரம் ஆகும். தண்டை வளைத்தால் படக்கென்று ஒடிய வேண்டும், வளைந்துகொடுத்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, அப்படியே கட்டினால் பூஞ்சைதான் பூக்கும்.

ஸ்ட்ராஃப்ளவர் கிடைத்தால் அதற்குத் தனி மரியாதை. அதன் இதழ் செடியில் இருக்கும்போதே காகிதம் மாதிரி சலசலக்கும், நிறமும் நெடுநாள் நிற்கும், ஆனால் காய்ந்தபின் கழுத்து வலுவில்லாமல் தலை கவிழ்ந்துவிடும். அதனால் பறித்த உடனே தண்டைப் பூவுக்கு ஒரு விரல் கீழே நறுக்கிவிட்டு, சுமார் 0.7 மி.மீ. கம்பியை வெட்டுவாயிலிருந்து மேலே ஏற்றிப் பூவின் நடுவில் பாதி வரை குத்தி நிறுத்துங்கள், இதழுக்கு வெளியே எட்டிப்பார்க்கக் கூடாது. காயக் காயப் பூ சுருங்கிக் கம்பியை இறுகப் பற்றிக்கொள்ளும், பசையே வேண்டாம். இன்னொன்று, முழுக்க விரிந்ததைப் பறிக்காதீர்கள். வெளி இதழ்கள் இரண்டு மூன்று அடுக்கு மட்டும் திறந்திருக்கும்போது எடுத்தால் மிச்சத்தை அது தொங்கிக்கொண்டே விரித்துக்கொள்ளும். முழுசாக மலர்ந்ததை எடுத்தால் இதழெல்லாம் பின்னால் மடங்கி நடுப்பொட்டு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.

இலைக்கு வேறு வழி இருக்கிறது. யூகலிப்டஸ் மாதிரி கெட்டியான இலைக் கிளைகளை ஒரு பங்கு கிளிசரின், இரண்டு பங்கு சுடுநீர் கலவையில் நிற்கவைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் கிளிசரின் இலை வரை ஏறிவிடும். நிறம் கொஞ்சம் பழுப்பேறும், ஆனால் இலை நொறுங்காமல் தோல் மாதிரி வளையும். கதவில் உரசுகிற இடத்துக்கு இதைத்தான் வைக்க வேண்டும். பைன் காய், தாமரைக்காய், மரப்பட்டை போன்ற பொறுக்கிய சாமான்களுக்குள் பூச்சி குடியிருக்கலாம், 100 டிகிரி செல்சியஸ் ஓவனில் அரை மணி நேரம், பக்கத்திலேயே நின்று. ஈரத்தில் மூடிக்கிடந்த பைன் காய் சூட்டில் காய்ந்து செதிலை விரித்துக்கொள்வது தனி வேடிக்கை.

சரி, இப்போது கட்டுவது. தேவை ஒரு கத்தரிக்கோல், ஒரு கட்டிங் பிளேயர், 0.5 மி.மீ. கட்டுக்கம்பிச் சுருள். கதிர், இலை, பூ என்று கலந்து 10 முதல் 12 செ.மீ. நீளத்தில் குட்டிக் கொத்துகளாக முதலிலேயே பிரித்து மேசையில் அடுக்கிக்கொள்ளுங்கள். கம்பியின் நுனியைக் கொடியில் முறுக்கி நிறுத்திவிட்டு, முதல் கொத்தை வைத்துத் தண்டின் மேல் மூன்று சுற்று இழுத்துச் சுற்றுங்கள். கம்பியை வெட்ட வேண்டாம். அடுத்த கொத்தின் தலை முந்தைய கொத்தின் கட்டை மறைக்கும்படி 4, 5 செ.மீ. தள்ளி வைத்து மறுபடி மூன்று சுற்று, இப்படியே ஒரே திசையில் போக வேண்டும். ஒவ்வொரு கொத்தையும் ஒரேபோல் நேராக வைக்காமல் ஒன்றை உள்பக்கம், அடுத்ததை வெளிப்பக்கம் சாய்த்தால்தான் உயிர் வரும். வட்டத்தில் பாதி போனதும் நிறுத்திவிடுங்கள், அதற்குப் பத்துப் பன்னிரண்டு கொத்து ஆகும். மிச்சத்தையும் நிரப்பக் கை பரபரக்கும், நிரப்பாதீர்கள். அந்த வெறுங்கொடி இருந்தால்தான் அடுத்த வேலைக்கு இடம்.

இனி குறும்பு. காலி நத்தைக்கூடு, உதிர்ந்த இறகு, பாசி, விதைக்கூடு என்று கையில் இருப்பதை வைத்து ஒரு குட்டி உலகம் பண்ணலாம். எனக்குப் பிடித்தது ஏணி: 12 செ.மீ. குச்சி இரண்டு, 3 செ.மீ. குச்சி ஐந்து, நூலால் குறுக்கே கட்டி, வெறுங்கொடியில் சாய்த்து நிறுத்தி, உச்சியில் தாமரைக்காயின் ஒரு ஓட்டை தெரியும்படி வைத்தால் யாரோ அங்கே குடியிருக்கிறார்கள் என்று ஆகிவிடும். குழந்தைகள் உடனே யார் என்று கேட்பார்கள். கூடு வைக்க ஆசை என்றால் நாரையும் புல்லையும் உள்ளங்கையில் உருட்டி நீங்களே செய்யுங்கள், பறவை கட்டிய கூட்டை எடுக்காதீர்கள், பல நாடுகளில் அது சட்டப்படியே குற்றம். ஒரு வளையத்துக்கு இப்படி ஒன்று, மிஞ்சினால் இரண்டு, அதற்கு மேல் போனால் பொம்மைக் கடை. க்ளூ கன்னை இந்தச் சின்னச் சாமான்களுக்கு மட்டும் எடுங்கள், அதுவும் நேர் வெயில் படாத கதவு என்றால்தான், சூட்டில் அந்தப் பசை இளகிவிடும். வெயில் கதவுக்குக் கம்பிதான்.

எது மேல், எது கீழ் என்று முன்கூட்டியே முடிவுசெய்யாமல் ஒரு ஆணியில் மாட்டிச் சுழற்றிச் சுழற்றிப் பாருங்கள், நின்ற அழகில் பின்பக்கம் சணல் முடிச்சுப் போடுங்கள். கதவு கீறாமல் இருக்கப் பின்னால் இரண்டு மூன்று ஃபெல்ட் பொட்டு ஒட்டிவிடுங்கள். மழைச் சாரல் அடிக்கிற கதவு என்றால் உள்பக்கமாக மாட்டுவதுதான் நல்லது. காய்ந்த பூ சட்டென்று தீப்பிடிக்கும், மெழுகுவர்த்தி, சூடேறும் விளக்கு எதுவும் கிட்டே வேண்டாம்.

தூசி படிந்தால் ஹேர் டிரையரைக் குளிர்காற்றில், இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் வைத்து ஒரு அடி தள்ளிப் பிடித்து ஊதுங்கள், துணியால் துடைத்தால் இதழ் கையோடு வந்துவிடும். நிறம் வெளுத்தபின் கம்பியை அறுத்துப் பூவை மட்டும் உதறி உரக்குழியில் போடலாம், பசை ஒட்டியதைத் தவிர. கொடி வளையம் கெட்டியாக அப்படியே இருக்கும், அடுத்த பூவுக்கு ஆகும்.