படித்த ஊர் மனதை விட்டுப் போகாதபோது

எனக்குச் சொந்த ஊர் சாத்தூர். ஆனால் சென்னைக்கு வேலைக்கு வந்த முதல் ஆறு மாதமும், ராத்திரி படுத்தால் கண்ணுக்குள் வந்து நின்றது பாளையங்கோட்டைதான். மூன்று வருடம் பி.காம். படித்த ஊர். சொந்த ஊர் நினைப்பு வந்தால் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம், அம்மா சோறு போடுவார். படித்த ஊரில் நமக்கு வீடு கிடையாது. விடுதியில் நம் கட்டிலில் வேறொரு பிள்ளை படுத்திருக்கும். கூடப் படித்தவர்கள் ஆளுக்கொரு திசையில் போயிருப்பார்கள். பஸ்ஸை விட்டு இறங்கினால் எங்கே போவது என்பதே கேள்வி. அதனால் இந்த ஏக்கத்துக்கு வைத்தியமும் வேறு. ஐந்து வருடத்தில் எனக்குக் கைகொடுத்ததைச் சொல்கிறேன், உங்கள் ஊர் சிதம்பரமோ காரைக்குடியோ, அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு நோட்டை எடுத்து, எதை நினைத்து ஏங்குகிறீர்கள் என்று எழுதுங்கள். ‘ஊர் ஞாபகமாவே இருக்கு’ என்று எழுதினால் பயனில்லை. இடத்தையும் நேரத்தையும் எழுத வேண்டும். என் நோட்டில் இருந்தது இது: சாயங்காலம் கல்லூரிகள் விட்டதும் முருகன்குறிச்சி ஸ்டாப்பில் நிற்கும் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை குறுக்குத்துறை முருகன் கோவில் பக்கம் ஆற்றில் கால் நனைப்பது. தோழி வீட்டுச் சொதி, அதாவது தேங்காய்ப்பால் குழம்பு. யாராவது முதுகுக்குப் பின்னால் ‘ஏட்டி’ (நெல்லைப் பக்கத்து ‘ஏய், பொண்ணே’) என்று கூப்பிடுவது. அப்புறம் ஆனி, ஆடிக் காற்று. குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்துவிட்டால் பாளையில் பெரிய மழை பெய்யாது. மலையைத் தாண்டி வருகிற காற்றும் மூஞ்சியில் ஊசி மாதிரி படும் தூறலும்தான் வரும். ஒரு கையில் புத்தகம், ஒரு கையில் துப்பட்டா என்று பிடித்துக்கொண்டுதான் நடக்க முடியும்.

எழுதியதை இரண்டாகப் பிரியுங்கள். சென்னையில் கிடைக்கக்கூடியது, கிடைக்கவே கிடைக்காதது. கிடைக்காததற்கு மாற்றுத் தேடாதீர்கள். நான் தேடினேன். ஆறு இல்லை என்று ஞாயிறுதோறும் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனேன். தாமிரபரணித் தண்ணீர் முழங்காலில் ஏறும்போது இருக்கும் குளிர்ச்சியைக் கடல் தண்ணீரில் எதிர்பார்த்தேன். உப்பும் பிசுபிசுப்புமாகத் திரும்பி வந்து, போவதற்கு முன்பு இருந்ததைவிட அதிகமாக அழுதேன். பிறகு ஒரு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. இப்போது போகிறேன், கடலைப் பார்க்கப் போகிறேன். ஆறு ஆறாகவே அங்கே ஓடிக்கொண்டிருக்கட்டும்.

கிடைக்கக்கூடியதில் முதலில் கையை வைக்க வேண்டியது சாப்பாடு. எனக்கு அது சொதி. திருநெல்வேலிப் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் வைப்பார்கள். பெருமாள்புரத்தில் இருந்த தோழியின் அம்மா, விடுதிப் பிள்ளைகள் நாங்கள் வருகிறோம் என்றாலே செய்துவிடுவார். சென்னையில் அவரைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு செய்து பழகினேன். மூன்று பேருக்கு ஒரு பெரிய தேங்காய். துருவி அரைத்து முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாக எடுத்துக்கொள்ள வேண்டும். கால் டம்ளர் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து மசித்து வையுங்கள். சின்ன வெங்காயம், பூண்டு, கீறின பச்சைமிளகாய் மூன்றையும் நிறம் மாறாமல் வதக்கி, உருளை, கேரட், பீன்ஸ், முருங்கைக்காயைப் போட்டு மூன்றாம் பாலிலேயே வேகவிடுங்கள். காய் வெந்ததும் பருப்பு, உப்பு, இஞ்சிச் சாறு, இரண்டாம் பால். கடைசியில் அடுப்பைக் குறைத்துவிட்டு முதல் பாலை ஊற்ற வேண்டும். பக்கத்தை விட்டு நகரக் கூடாது. ஓரத்தில் நுரை கூடி வரும், அந்த நிமிடமே அணைத்துவிட வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். நன்றாகச் சூடு குறைந்த பிறகுதான் எலுமிச்சை பிழிய வேண்டும். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு சிப்ஸும். முதல் இரண்டு தடவை எனக்குத் திரிந்தே போனது. மூன்றாவது தடவை வெந்து இறங்கியபோது அறைத்தோழிகள் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பரிமாறினேன். ஒருத்திக்கு ஆரணி, ஒருத்திக்கு ஓசூர். இரண்டு பேரும் இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டார்கள். தனியாகச் செய்து தனியாகச் சாப்பிட்டால் ஏக்கம் கூடும். யாருக்காவது போடுங்கள்.

அல்வாவுக்கு நான் இந்த அளவு மெனக்கெடவில்லை. அதை ஊருக்குப் போகும்போது இலையில் சுடச்சுடச் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது பேச்சு. சென்னையில் மளிகைக்கடையை அண்ணாச்சி கடை என்றே சொல்வார்கள். நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்தில் இருந்து வந்தவர்கள் நடத்தும் கடைகள் தெருவுக்குத் தெரு இருப்பதால் வந்த பெயர். குரோம்பேட்டையில் எங்கள் தெருமுனையிலும் ஒன்று இருந்தது. எட்டு மாதம் அங்கே சாமான் வாங்கியும் எனக்கு உறைக்கவில்லை. ஒருநாள் அவர் ஏணியில் ஏறி மேல்தட்டில் இருந்து எதையோ அவசரமாக இழுத்தபோது, ‘பைய எடுங்க அண்ணாச்சி’ என்றேன். சென்னையில் ‘மெதுவா’ என்பார்கள், ‘பைய’ எங்கள் பக்கத்துச் சொல். ஏணியிலேயே நின்று திரும்பிப் பார்த்து, ‘எந்த ஊரும்மா?’ என்று கேட்டார். அவருக்கு நாங்குநேரிப் பக்கம். அன்றிலிருந்து ஊரில் சாரல் விழுகிறதா இல்லையா என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இப்படிப் பேச நான்கு கிலோமீட்டர் போக வேண்டியதில்லை. ஊர்ப்பேச்சை மறைக்காமல் பேசுங்கள், அதை அடையாளம் கண்டுகொள்கிறவர் பக்கத்திலேயே இருப்பார்.

படித்த ஊரில் நாம் விரும்பிய விஷயம் பாதிக்கு மேல் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: நம்மைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். டீக்கடைக்காரருக்குச் சர்க்கரை எவ்வளவு என்று தெரியும், ஜெராக்ஸ் கடைக்காரருக்கு எந்த டிபார்ட்மென்ட் என்று தெரியும். சென்னையில் அதை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். கடையை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். அதே பூக்காரரிடம் வாங்குங்கள், அதே மின்சார ரயிலில் அதே மகளிர் பெட்டியில் ஏறுங்கள். நான் குரோம்பேட்டையில் இருந்து மாம்பலம் போகிறவள். இரண்டு மாதத்தில் பெட்டியில் இருந்தவர்கள் எனக்கு இடம் போட்டு வைக்க ஆரம்பித்தார்கள்.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தெருவில் தண்ணீர் நின்றது, கரண்ட் இல்லை. மாடி வீட்டு அக்கா எங்கள் மூன்று பேரையும் மேலே கூப்பிட்டு வைத்துக்கொண்டு, காஸ் அடுப்பில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். இரண்டு வாரம் ஆகவில்லை, 17, 18 தேதிகளில் நெல்லையில் அந்தப் பேய்மழை. குறுக்குத்துறைக் கோவில் வெள்ளத்துக்குள் நிற்பதைப் போனில் பார்த்தேன். பாளையில் எனக்குத் தெரிந்த தையல்கார அக்காவுக்குப் போட்டால் லைன் கிடைக்கவில்லை. அண்ணாச்சி கடையில் போய் நின்றேன், அவரும் ஊருக்குப் போட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் அக்கா எடுத்து, ‘மிஷின் நனையல’ என்றுதான் முதலில் சொன்னார். அன்று மாடி அக்காவிடம் ஓடிப்போய் அதைச் சொன்னேன். பாளையை ஒரு தடவைகூடப் பார்த்திராதவர், ‘அப்பாடா’ என்று உட்கார்ந்தார்.

கடைசியாக, திரும்பிப் போய்வருவது. மாதாமாதம் ஓடாதீர்கள். நான் முதல் வருடம் அப்படி ஓடி, கல்லூரி கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பினேன், மனசு ஆறவில்லை. வருடத்துக்கு இரண்டு தடவை போதும். தீபாவளி, பொங்கல் வேண்டாம். டிக்கெட்டும் கிடைக்காது, ஊரும் உங்களுக்கு நேரம் தராது. காற்றுக்காக என்றால் ஜூலை. சப்பரம் பார்க்க என்றால் தசரா, பாளையில் 12 அம்மன் சப்பரங்கள் விடிய விடிய வரும். 2024 நவம்பரில் இருந்து ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். வந்தே பாரத்தில் எட்டு மணி நேரத்தில் போய்விடலாம். எனக்கு நெல்லை எக்ஸ்பிரஸ்தான் பிடிக்கும். தாம்பரத்தில் ஏறிப் படுத்தால் விடியும்போது ஊர். ஜங்ஷனில் இறங்கி டவுன் பஸ்ஸில் சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்டும்போது ஜன்னல் ஓரம் உட்காருங்கள். 1843-இல் அந்த மனுஷன் தன் சொந்தப் பணத்தில் கட்டிய பாலம், கீழே ஆறு.

போவதற்கு ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள். பல் டாக்டரோ, நூலகமோ, செருப்பு தைப்பவரோ, எதுவும் ஆகலாம். எனக்குத் தையல். துணியைத் தி.நகரில் எடுக்கிறேன், தைக்க பாளைக்குக் கொண்டுபோகிறேன். தெற்கு பஜார் பக்கம் ஒரு சந்தில், கல்லூரி நாளில் இருந்து எனக்குத் தைத்துக் கொடுக்கும் அதே அக்காதான். அவருடைய அளவு நோட்டில் என் பெயரில் நாலைந்து பேர் இருப்பதால், என் பக்கத்தில் ‘சாத்தூர்’ என்றுதான் எழுதியிருப்பார். போன தடவை போனபோது அந்தப் பக்கத்தை எடுத்து, அதற்கு அருகில் ‘மெட்ராஸ்’ என்று சேர்த்துக்கொண்டார். டேப்பைக் கழுத்தில் இருந்து உருவிக்கொண்டே, ‘ஏட்டி, கையைத் தூக்கு’ என்றார்.