பிக்கப் டிரக்கில் லெவலிங் கிட்டும் பெரிய டயரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரும்பாலான பிக்கப் டிரக்குகள் புதிதாக வரும்போதே மூக்கு தாழ்ந்து, பின்பக்கம் ஒன்றிரண்டு அங்குலம் தூக்கலாக நிற்கும். இது கோளாறு அல்ல, பாரம் ஏறினால் பின்பக்கம் அமுங்கி வண்டி மட்டத்துக்கு வரட்டும் என்று போட்ட கணக்கு. லெவலிங் கிட் முன்பக்கத்தைத் தூக்கி அந்தச் சாய்வை எடுத்துவிடுகிறது. அடிக்கடி பாரம் ஏற்றும், டிரெய்லர் இழுக்கும் வண்டியை வெறுமையாக நிற்கும்போதே முழு மட்டமாக்கினால், பாரம் ஏறியதும் பின்பக்கம் உட்கார்ந்து மூக்கு வானத்தைப் பார்க்கும். அப்படிப்பட்ட வண்டிக்கு ஓர் அங்குலச் சாய்வாவது மிச்சம் வையுங்கள்.

கிட் வாங்கும் முன் சமதரையில் நிறுத்தி, டயர்களில் காற்று சரிபார்த்து, தரையிலிருந்து முன், பின் சக்கர வளைவுகளின் உச்சி வரை அளந்தால் சாய்வு தெரியும். கூடவே ஒவ்வொரு ஹப்பின் (சக்கர மையம்) நடுவிலிருந்து வளைவு வரையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். டயர் மாறினாலும் மாறாத அளவு அதுதான். பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு: 2 அங்குல கிட்டைப் பிரித்தால் உள்ளே ஏறக்குறைய 1 அங்குல ஸ்பேசர்தான் (இடையில் வைக்கும் தடிமனான துண்டு) இருக்கும். ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்), சக்கரத்தை ஃபிரேமோடு இணைக்கும் கீழ் ஆர்மின் நடுவாக்கில் உட்காருவதால், மேலே 1 அங்குலம் கொடுத்தால் சக்கரத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு கிடைக்கும். ஏமாந்துவிட்டோம் என்று ஒன்றின் மேல் ஒன்றாக ஸ்பேசர் அடுக்கினால், ஆர்ம் முனையில் உள்ள குமிழ் மூட்டான பால் ஜாயிண்ட் எல்லை தாண்டி முறுக்கிக்கொள்ளும்.

எல்லாத் தவறுகளுக்கும் தாய் ஒரு தப்பெண்ணம்: கிட் போட்டால் சஸ்பென்ஷனுக்குக் கூடுதல் ஓட்டம் (சக்கரம் மேலும் கீழும் நகரும் தூரம்) கிடைக்கிறது என்பது. கிடைப்பதில்லை. நிற்கும் உயரம்தான் மாறுகிறது. ஸ்ட்ரட்டின் தலையில் வைக்கும் ஸ்பேசர், சக்கரத்தை முன்பைவிடக் கீழே தொங்கவிடும். பள்ளத்தில் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது மேல் ஆர்ம் காயில் ஸ்பிரிங்கில் இடிக்கலாம். நான்கு சக்கர இயக்க வண்டியில் முன் ஆக்சிலின் சிவி ஜாயிண்ட் (வளைந்தபடியே சுழற்சியைக் கடத்தும் மூட்டு) கூர்மையான கோணத்தில் சுழன்று, அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் தெறிக்கும். எதிர்த்திசையில், சக்கரம் முழுதாக மேலேறும்போது ஃபிரேமில் உள்ள பம்ப் ஸ்டாப்பை (மேலேறுவதை நிறுத்தும் ரப்பர் தடுப்பு) தொடும் முன்பே ஸ்ட்ரட் உள்ளுக்குள் முட்டிக்கொள்ளலாம். ஸ்பிரிங்கின் மேல் உட்காரும் பிரீலோட் ஸ்பேசரில் இந்தத் தொங்கல் பிரச்சினை இல்லை. ஆனால் கீழ்நோக்கிய ஓட்டம் குறைந்து, வேகத்தடையில் 'டொக்' என்று தட்டும், பயணமும் முரடாகும். இரண்டரை அங்குலத்துக்கு மேல் வேண்டுமென்றால் ஸ்பேசரை விட்டுவிட்டு, நீளமான ஸ்ட்ரட்டும் கோணம் திருத்திய மேல் ஆர்மும் வாங்குவது நல்லது.

பொருத்தும் வேலைக்கு வருவோம். ஸ்ட்ரட்டின் தலையைச் சுற்றி இருக்கும் நட்டுகளை மட்டும் கழற்ற வேண்டும். நடுவில் இருக்கும் பெரிய நட்டைத் தொடவே கூடாது. அமுங்கிய ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது அதுதான். ஸ்பிரிங் கம்பிரசர் இல்லாமல் கழற்றினால் உயிருக்கே ஆபத்து. டார்ஷன் பார் வண்டிகளில் (சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்கும் கம்பி உள்ளவை) அந்தக் கம்பியின் முனையைப் பிடிக்கும் கீயைக் கழற்றவும் அதற்கென்றே உள்ள கருவி வேண்டும். சாதாரண சி கிளாம்ப் நழுவும். ஜாக்கியை நம்பி வண்டிக்குக் கீழே போகாதீர்கள். ஃபிரேமுக்கு அடியில் ஸ்டாண்ட், பின் சக்கரங்களுக்கு முட்டு.

இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் லிங்கை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கழற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் பார் எதிர்த்து நின்று கீழ் ஆர்ம் இறங்காது. மேல் பால் ஜாயிண்டைப் பிரித்ததும் நக்கிள் (ஹப்பைத் தாங்கும் இரும்புத் துண்டு) வெளிப்பக்கம் சாயும். அப்போது பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் அதன் எடையைத் தாங்கக் கூடாது. அவற்றின் கிளிப்புகளை முன்பே அவிழ்த்து, நக்கிளைக் கம்பியால் கட்டி வையுங்கள். நக்கிளை வெளியே இழுத்தால் உள்பக்க சிவி ஜாயிண்ட் கழன்றுகொள்ளும். அதன் ரப்பர் பூட் உறையை வெட்டித்தான் மறுபடி கோர்க்க வேண்டிவரும்.

மாட்டும்போது பால் ஜாயிண்ட் நட்டின் துளை, நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னுக்கு நேராக வராவிட்டால், இன்னும் கொஞ்சம் முறுக்குங்கள், தளர்த்தி நேராக்காதீர்கள். ஸ்பிளிட் பின் எப்போதும் புதிதாக இருக்கட்டும். கீழ் ஆர்மின் புஷ் போல்ட்டுகளைத் தளர்த்தியிருந்தால், வண்டி தன் எடையோடு தரையில் நின்ற பிறகே இறுதி டார்க் (முறுக்கு விசை) கொடுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் அந்த நிலையிலேயே புஷ்ஷின் ரப்பர் பிடிபட்டு, வண்டியை இறக்கியதும் முறுக்கிக்கொண்டு சில மாதங்களில் கிழியும்.

டயரில் கண் ஏமாற்றும். 265/70 ஆர்17 டயரின் விட்டம் சுமார் 803 மில்லிமீட்டர். 285/70 ஆர்17 சுமார் 831. வித்தியாசம் 28 மில்லிமீட்டர், வண்டி உயர்வது அதில் பாதி. ஆனால் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது ஓடுவது ஏறக்குறைய 103.5 கிலோமீட்டர். 35 அங்குல டயருக்குத் தாவினால் அதே 100 என்பது 110ஐத் தாண்டும், ஆக்சிலின் 3.73 கியர் விகிதம் 3.37 போல நடந்துகொள்ளும், பிரேக்கும் கூடுதலாக உழைக்க வேண்டும். அகலமான டயரோடு ஆஃப்செட் குறைந்த ரிம்மும் போட்டால் சக்கரம் வெளியே தள்ளி நிற்பதால், ஸ்டியரிங் திருப்பும்போது பெரிய வட்டம் போட்டு பம்பரிலும் ஃபெண்டர் லைனரின் பின்பகுதியிலும் உரசும். சமதரையில் திருப்பிப் பார்த்து உரசவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு முன் சக்கரத்தைச் சாய்மேடையில் ஏற்றி, இரு பக்கமும் முழுதாக ஒடித்து, ரிவர்ஸிலும் பாருங்கள்.

சுமைக் குறியீடும் முக்கியம். 116 என்றால் ஒரு டயருக்கு 1,250 கிலோ, 112 என்றால் 1,120 கிலோ. பழையதைவிடக் குறையவே கூடாது. எல்டி (லைட் டிரக்) வகை டயருக்கு மாறினால் கதவு ஸ்டிக்கரில் உள்ள காற்றழுத்தம் போதாது, அதே பாரத்துக்கு அதிகம் வேண்டும். டயர் தயாரிப்பாளரின் அழுத்த அட்டவணையைப் பாருங்கள். ஸ்டெப்னி பழைய அளவிலேயே கிடந்தால், அதை மாட்டிக்கொண்டு கெட்டியான சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போடாதீர்கள். சுழற்சி வேறுபாட்டில், முன் பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும்.

வீல் அலைன்மென்ட் அன்றே செய்ய வேண்டியது. முன்பக்கம் உயர்ந்தால் டோ (மேலிருந்து பார்க்கையில் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மாறும், கேஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு) குறையும். கை விட்டால் ஸ்டியரிங் சோம்பலாகவே நேருக்குத் திரும்பும். வீல் நட்டுகளை 80 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி பாருங்கள். முன்புறக் கேமராவோ ராடாரோ உள்ள வண்டிக்கு அவற்றின் அளவுதிருத்தமும் தேவைப்படலாம்.

ஹெட்லைட்டை ஏறக்குறைய எல்லோரும் மறக்கிறார்கள். 3.5 மீட்டர் வீல்பேஸ் உள்ள வண்டியின் முன்பக்கம் 5 சென்டிமீட்டர் உயர்ந்தால், வெளிச்சம் 10 மீட்டர் தூரத்தில் சாய்வால் மட்டுமே சுமார் 14 சென்டிமீட்டர் மேலே போகும். லோ பீம் அதே தூரத்தில் 10 சென்டிமீட்டர் தாழ்வாக வைக்கப்பட்டிருந்தால், இப்போது எதிரே வருபவர் கண்ணில் நேராக அடிக்கும். வேலை தொடங்கும் முன் சுவரிலிருந்து 10 மீட்டரில் நிறுத்தி, வெளிச்சத்தின் மேல் விளிம்பில் டேப் ஒட்டுங்கள். முடித்ததும் அதே இடத்தில் நிறுத்தி, விளக்கு தரையிலிருந்து எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு மட்டும் டேப்புக்கு மேலே விளிம்பு நிற்கும்படி திருகாணியைத் திருப்பி இறக்குங்கள்.