காட்சியறை வெளிச்சம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னியில் இப்போது பாடசாலை, சனசமூக நிலையம் என்று அங்கங்கே மரபுப் பொருட்களுக்கு ஒரு அறை ஒதுக்குகிறார்கள். வெளிச்சம் பார்த்துச் சொல்லக் கூப்பிட்டால் போவேன். வயர் தொங்குவது, பல்ப் மினுங்குவது எல்லாருக்கும் கண்ணில் படும், அதை விடுவம்.

"உள்ளுக்கு இருட்டாக் கிடக்கு" என்று லைட் கூட்டுவது

இன்னும் எரிச்சல் வருவது இதுக்குத்தான். முல்லைத்தீவுப் பக்கம் ஒரு அறை. கோவலன் கூத்துக்குக் கட்டிய பழைய சிவப்பு உடுப்பு கண்ணாடி அலுமாரிக்குள். வந்த சனம் ஒன்றும் தெரியவில்லை என்றதாம். அலுமாரிக்குள்ளேயே இரண்டு ரியூப் லைட் பூட்டிவிட்டார்கள். மடிப்பை விரித்துப் பார்த்தேன். உள்மடிப்பு கடுஞ்சிவப்பு, வெளிப்பக்கம் செங்கல் தூள். போன சாயம் போனதுதான்.

"தம்பி, வாசலிலையும் ஒண்டு போடுவமே?" என்றார் அதிபர். "வேண்டாம் சேர், விறாந்தையில கொஞ்சம் இருந்திட்டு வாங்கோ" என்றேன். வந்து பார்த்தவர் ரியூப்பைத் தானே நிற்பாட்டினார்.

வெளிச்சத்தை அளப்பது லக்ஸ் கணக்கில். நடுப்பகல் வெயில் ஒரு இலட்சம் லக்ஸ் வரை போகும். துணி, ஓலைச்சுவடி, காகிதத்துக்கு அருங்காட்சியகங்கள் வைக்கிற அளவு சுமார் 50 லக்ஸ். வெயிலில் நின்ற கண் அதுக்குப் பழகச் சில நிமிடமாவது வேண்டும். ஆகவே விறாந்தையைக் கிடுகுத் தட்டியால் மறையுங்கள், அறிமுகப் பலகையை அங்கேயே வையுங்கள். வாசித்து முடிய கண்ணும் பழகிவிடும். கல்லும் மண்பானையும் வெளிச்சத்துக்குப் பயப்படாது, முதலில் அவை. துணியும் ஓலையும் கடைசி மூலையில், பின்சுவர் பொருளைவிட இருட்டாக.

சேதம் கூடிக்கொண்டே போகும் கணக்கு இது. 500 லக்ஸில் 1 மணித்தியாலமும் 50 லக்ஸில் 10 மணித்தியாலமும் துணிக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆள் இல்லாத நேரம் சுவிட்சை நிற்பாட்டுங்கள்.

கல்வெட்டுக்கு நேர்முன்னால் லைட்

எழுத்து காணாமல் போகும். கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் அடியுங்கள். வெட்டுக்குள் நிழல் விழுந்து எழுத்து எழும்பும்.

அலுமாரிக்கு எதிரே ஜன்னல்

வந்தவர் தன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவார்.

சுவருக்கு எனாமல் பெயின்ற்

வேண்டாம். பளபளத்து லைட்டைக் கண்ணுக்கே திருப்பி அடிக்கும்.

நீலம் அடிக்கும் மலிவு எல்ஈடி

சிவப்பும் மரநிறமும் செத்துப்போய்த் தெரியும். பெட்டியில் சீஆர்ஐ 90 (நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு, உச்சம் 100), 3000 கெல்வின் (மஞ்சள் சாய்ந்த வெளிச்சம்) என்று போட்டிருக்கா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள்.