டிஆர்6-இன் பின்பக்கத்து ‘டங்’: சஸ்பென்ஷன் தாங்கிகளுக்கு வலு சேர்ப்பது

டிரையம்ஃப் டிஆர்6 என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வைத்திருப்பவர் ‘கிளட்சை விட்டதும் பின்னால் டங் என்கிறது’ என்றால், நான் முதலில் டார்ச் அடிப்பது டிஃபரன்ஷியலைத் (பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) தாங்கும் வலது முன் ஸ்டட் (மரை போட்ட தண்டு) மேல்தான். இரண்டரை லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின், இழுவைக்குக் குறைவில்லை. பின்பக்க அமைப்போ 1965-இன் டிஆர்4ஏவிலிருந்து வந்தது. அதில் இருந்தது நான்கு சிலிண்டர்.

டிஃபரன்ஷியல் நான்கு இடங்களில் அதிர்வை வாங்கும் ரப்பர் புஷ்களோடு சேசிஸில் தொங்குகிறது. முன் இரண்டும் தகட்டுத் தாங்கியில் பற்றவைத்த ஸ்டட்கள். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் டிஃபரன்ஷியலின் மூக்கு மேலே எழப் பார்க்கும். கியர்பாக்ஸிலிருந்து சுழன்று வரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் முறுக்கு அதன் வலது பக்கத்தைத் தூக்கும். இரண்டு விசையும் ஒரே மூலையில் சேருவதால், வலது முன் ஸ்டட்டைச் சுற்றிய தகடு முதலில் கிழிகிறது. புஷ் நைந்திருந்தால் இழுப்பு அடியாக மாறிவிடும். ஆகவே புஷ்ஷையும், ஷாஃப்ட்டின் மடங்கும் இணைப்பான யுனிவர்சல் ஜாயிண்டையும் பார்க்காமல் வெல்டிங் மெஷினை எடுக்காதீர்கள்.

பிரிட்டனில் 40 ஆண்டு தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு 2018 மே மாதத்திலிருந்து ஆண்டுப் பரிசோதனை கட்டாயமில்லை. டிஆர்6 தயாரிப்பு 1976-இலேயே நின்றுவிட்டது, வயதைப் பொறுத்தவரை எல்லாமே இந்தக் கணக்கில் வரும். கீழே படுத்துப் பார்க்க உங்களைத் தவிர ஆள் கிடையாது என்று அர்த்தம்.

காரை ஜாக்கில் மட்டும் நிறுத்தாமல் ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். பேட்டரி, ஆல்டர்னேட்டர் இணைப்புகளைக் கழற்றுங்கள். பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னால், வெல்டிங் நடக்கும் இடத்துக்கு மேலேயே இருக்கிறது. அதைக் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள், காலி செய்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். சேசிஸை ஒட்டி ஓடும் பெட்ரோல், பிரேக் குழாய்களையும் ஒதுக்குங்கள். இன்னொன்று: குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் தீ பட்டால் பாஸ்ஜீன் வாயு வரும். அது ஆளைக் கொல்லும். அசிட்டோனால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, துணியைத் தூரப் போட்ட பிறகு தொடங்குங்கள்.

டிஃபரன்ஷியலை இறக்கி, தாங்கியைச் சுற்றிப் பெயிண்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பைக் கொண்டுவாருங்கள். விரிசல் காட்டும் சிவப்புச் சாயத்தை அடித்துக் கொஞ்ச நேரம் விட்டு, துடைத்து, வெள்ளை டெவலப்பரைத் தெளித்தால் முடி அளவு விரிசலும் சிவப்புக் கோடாக எழும். அந்தக் கோட்டின் இரு முனையிலும் 3 மி.மீ. துளை போடுங்கள், விரிசல் மேலே ஓடாது. பிறகு கிரைண்டரால் ‘வி’ வடிவில் திறந்து, வெல்டிங்கால் நிரப்பி, மட்டமாகத் தேயுங்கள். இதைச் செய்யாமல் விரிசலின் மேலேயே தகடு ஒட்டிய கார்கள் எங்கள் பட்டறைக்கு வருகின்றன. உள்ளே விரிசல் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும்.

இனி வலு. தாங்கியின் திறந்த பக்கத்தைத் தகட்டால் மூடிப் பெட்டியாக்குவதும், ஸ்டட்டின் பளுவை அகலமான பரப்புக்குப் பரப்புவதும்தான் வேலை. 3 மி.மீ. மைல்ட் ஸ்டீல் போதும். 6 மி.மீ. போட்டுவிட்டுப் பெருமைப்படுகிறவர்கள் உண்டு. அத்தனை தடித்த தகடு வளையாது, பக்கத்திலிருக்கும் பழைய மெல்லிய தகடுதான் வளையும். அடுத்த விரிசல் வெல்டிங் ஓரத்திலேயே பிறக்கும். தகட்டை முதலில் அட்டையில் வெட்டிப் பொருத்திப் பாருங்கள். மூலைகளை உருட்டுங்கள், கூர்மூலை விரிசலுக்கு அழைப்பிதழ்.

தகடு பெரிதானால் நடுவில் 8 மி.மீ. துளைகள் போட்டு அவற்றையும் வெல்டிங்கால் நிரப்பலாம். ஓரங்களை முதலில் சிறு வெல்டிங் புள்ளி வைத்து நிறுத்துங்கள். அப்புறம் ஒரு அங்குலம் இங்கே, ஒரு அங்குலம் எதிர்ப்பக்கம் என்று மாறி மாறி, சூடு ஆறவிட்டு, முழு ஓரத்தையும் தொடர்ச்சியாக மூடுங்கள். இடைவெளி விட்ட வெல்டிங்கை ஒட்டுத்தகட்டில் பரிசோதகரும் ஏற்கமாட்டார், நானும் ஏற்கமாட்டேன். ஸ்டட் சாயாமலிருக்க, நல்ல நிலையிலுள்ள டிஃபரன்ஷியல் முன் மவுண்டிங் தகட்டை ஸ்டட்களில் மாட்டி வைத்துக்கொண்டே புள்ளி வையுங்கள். புஷ்களை மட்டும் கழற்றிவிடுங்கள், உருகிவிடும்.

பின் சக்கரத்தைத் தாங்கும் கையான டிரெய்லிங் ஆர்மின் பிராக்கெட் மாட்டும் குறுக்குச் சட்டம் வேறு கதை. அங்கே எதிரி துரு, அதுவும் உள்ளிருந்து. சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்தது மொத்தென்று கேட்கும். மொத்தென்று கேட்டால் வெட்டி எடுத்துப் புதுத்தகடு வையுங்கள். துருவின் மேல் தகடு ஒட்டினால் காசும் வெல்டிங் கேஸும்தான் வீண். பிராக்கெட்டைக் கழற்றும் முன் படம் எடுங்கள்: அதன் விளிம்பிலுள்ள வெட்டுகளின் எண்ணிக்கையும், எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதும் சக்கரத்தின் சாய்வைத் தீர்மானிக்கின்றன. பின்னாலிருக்கும் ஷிம்களையும் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) இடம் எழுதிக் கட்டி வையுங்கள்.

முன்பக்கத்தில், சக்கரத்தைத் தாங்கும் கையான கீழ் விஷ்போனின் பிராக்கெட்களைப் பாருங்கள், குறிப்பாகப் பிரேக் விசையை வாங்கும் பின் பிராக்கெட்டை. அதன் அடித்தளம் சேசிஸிலிருந்து பெயரத் தொடங்கியிருந்தால் இரு பக்கமும் சிறு முக்கோணத் தகடு போதும். ஷிம் உட்காரும் முகத்தில் வெல்டிங் வழியக் கூடாது.

எல்லாம் ஆறியதும் ஜிங்க் பிரைமர், பெயிண்ட். பெட்டிச் சட்டங்களுக்குள் நீளக்குழாய் வழியாக மெழுகு அடியுங்கள். வெல்டிங் உள்பக்கப் பெயிண்ட்டை எரித்திருக்கும், புதுத்துரு அங்கேதான் தொடங்கும்.

மாட்டும்போது ரப்பர் புஷ்களே போடுங்கள் என்பது என் கட்சி. பாலியூரித்தேன் போட்டால் கார் விறைப்பாக ஓடும்தான், ஆனால் அதிர்ச்சி நேராகச் சேசிஸுக்குப் போகிறது. டிரெய்லிங் ஆர்ம் போல்ட்களை, கார் தன் சக்கரத்தில் நின்று முழு எடையும் இறங்கிய பிறகே கடைசியாக இறுக்குங்கள். தொங்கும்போது இறுக்கினால் புஷ் முறுக்கிலேயே கிடந்து கிழியும். சில நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் வீல் அலைன்மென்ட் பார்த்து, டார்ச்சோடு ஒருமுறை கீழே படுத்து, ஸ்டட்டைச் சுற்றிப் பெயிண்ட் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள்.